ஐகார்லி சாம் ஏன் நடிப்பை விட்டார்? (அக்கா மகளுக்கு நாடக வாய்ப்பு வந்திருக்கிறது, வீட்டில் சண்டை)

சுங்கைசிப்புட்_பையன்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். 1948-இல் அவசரகாலம் தொடங்கிய இடம் என்று வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரி வருமே, அதே ஊர். அதற்கப்புறம் எங்கள் ஊர் டிவியில் வர வேண்டுமென்றால் ஒன்று தேர்தல் வர வேண்டும், இல்லை வெள்ளம் வர வேண்டும். இப்போது என் அக்கா மகள் வரப் போகிறாள் போலிருக்கிறது, அதில்தான் சண்டை.

பிள்ளைக்கு 10 வயது. தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவில் பாட ஆரம்பித்து, தமிழ்ப்பள்ளிப் போட்டி, மாவட்டம், மாநிலம் என்று போய், போன வருடம் ஒரு டிவி பாட்டுப் போட்டியில் கொஞ்ச தூரம் வந்தாள். அதைப் பார்த்துவிட்டு ஒரு தயாரிப்பாளர் கூப்பிட்டிருக்கிறார். தொடர் நாடகத்தில் நடிக்க வேண்டும், அதிலேயே இரண்டு பாட்டும் பாட வேண்டும், படப்பிடிப்பு கோலாலம்பூரில். அக்கா கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு போய்த் தங்குகிறேன் என்கிறார். மாமா லோரி ஓட்டுகிறவர், வழக்கம் போல வாயே திறக்கவில்லை.

இந்த நேரம் பார்த்து என் தங்கை ஒன்றைக் கொளுத்திப் போட்டாள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஆஸ்ட்ரோ டிவியில் ஐகார்லி என்ற அமெரிக்கச் சிறுவர் தொடரை விடாமல் பார்ப்போம். அதில் சாம் என்று ஒரு முரட்டுப் பெண், எந்நேரமும் கையில் கோழிக்கறியோடு இருப்பாள், காலுறைக்குள் வெண்ணெயைத் திணித்து அதைச் சுழற்றி ஆட்களை அடிப்பாள். என் தங்கை அதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடக் காலுறைக்குள் அரை டப்பா பிளாண்டா மார்ஜரினைப் போட்டு என் முதுகில் ஒன்று வைத்தாள் பாருங்கள், அம்மா இரண்டு பேரையும் சேர்த்து விளாசிவிட்டார், அந்தக் காலுறையில் பிசுக்கு கடைசி வரை போகவே இல்லை.

அந்த சாமாக நடித்த ஜெனட் மெக்கர்டி இப்போது நடிப்பை விட்டுவிட்டாராம், பாட்டையும் விட்டுவிட்டாராம், "அம்மா செத்ததில் எனக்குச் சந்தோஷம்" என்கிற மாதிரி தலைப்பு வைத்துத் தன் கதையைப் புத்தகமாகப் போட்டிருக்கிறாராம். தங்கை இதைச் சாப்பிடும்போது சொல்ல, அக்கா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். "பெத்தவள அப்படிச் சொல்றதெல்லாம் ஒரு பொண்ணா, அவ கதையக் கொண்டாந்து என் புள்ளைக்குச் சொல்றியா" என்று இரண்டு நாளாகத் தங்கையோடு பேச்சில்லை.

உண்மையில் அந்தப் பெண்ணுக்கு என்னதான் நடந்தது? யூடியூப்பில் போட்டால் ஒவ்வொருவனும் ஒரு கதை விடுகிறான். படித்தவர்கள் யாராவது நிதானமாகச் சொல்லுங்கள், வீட்டில் நான்தான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.


நூலகத்து_மேசை:

தம்பி, தலைப்பைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும், எனக்கும் வந்தது. உள்ளே போனபின் கோபம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. உங்கள் அக்காவுக்குச் சொல்ல உதவும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஜெனட் பிறந்தது 1992, கலிபோர்னியா. வளர்ந்தது கார்டன் குரோவ் என்ற ஊரில், டிஸ்னிலேண்ட் இருக்கிற அனஹைமுக்குப் பக்கம். ஹாலிவுட்டுக்கு எட்டுகிற தூரம்தான், ஆனால் பணக்கார வீடில்லை. அப்பா மரச்சாமான், ஆணி, பெயின்ட் விற்கிற ஒரு பெரிய கடையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அம்மாவுக்கு எதையும் தூக்கிப் போட மனம் வராது, வீட்டு அறைகள் முழுக்கச் சாமான் அடைந்து, பிள்ளைகள் நால்வரும் ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்கள். நம் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அறை இல்லாமல் பாயில் படுத்தோம், அங்கே அறை இருந்தும் பாய்.

அம்மா டெப்ராவுக்குத்தான் நடிகையாகும் ஆசை. அவரைப் பெற்றவர்கள் விடவில்லை. இந்தப் பிள்ளைக்கு 2 வயது இருக்கும்போது அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, பிழைத்துக்கொண்டார். ஆனால் "அம்மா எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம்" என்ற பயத்திலேயே வீடு ஓடியது. அப்படி ஒரு வீட்டில் அம்மா வந்து "நடிக்கிறியா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? 8 வயதில், 2000-இல், முதல் டிவி நிகழ்ச்சி. அப்புறம் ஏழெட்டு வருடம் துண்டு துண்டாக வேஷங்கள், அதில் பாதி அழுகிற வேஷம். நினைத்தவுடன் கண்ணீர் விடத் தெரியும் என்பதுதான் அந்தப் பிள்ளையின் பெரிய தகுதியாக இருந்தது.

2007-இல் ஐகார்லி தொடங்கியபோது 15 வயது. 2012 வரை ஓடியது. நீங்கள் பார்த்தீர்களே, எந்நேரமும் கறி தின்கிற சாம், அந்த வேஷத்துக்குள் இருந்த பெண் 11 வயதிலிருந்து பட்டினி கிடந்தவர். உடம்பு வளர ஆரம்பித்ததும் பயந்துபோய், வளராமல் இருக்க வழி உண்டா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார், ஏனென்றால் சின்ன உருவமாக இருந்தால்தான் சின்னப் பிள்ளை வேஷம் கிடைக்கும். அம்மா அதற்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். சாப்பாட்டில் கலோரியை எண்ணி எண்ணிக் குறைப்பது. இருவரும் சேர்ந்தே எண்ணினார்கள், ஒரே தட்டைப் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். அந்தக் காலத்தை அவர் அம்மாவும் தானும் நெருங்கியிருந்த நாட்களாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார், எனக்கு அதைப் படிக்கும்போதுதான் வயிற்றைப் பிசைந்தது.

பாட்டுக் கதை சுருக்கம். கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசை பாட வைத்தார்கள், நாஷ்வில்லில் பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம், 2010-இல் அவர்கள் வெளியிட்ட முதல் பாட்டு, 2012-இல் ஒரு சின்னத் தொகுப்பு, அதோடு சரி. அதிலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை.

2010-இல் அம்மாவுக்கு நோய் திரும்பியது, 2013 செப்டம்பரில் இறந்துவிட்டார். கடைசி நாட்களில் அம்மா நினைவில்லாமல் கிடக்கிறார். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காதருகே போய் அவரைக் கண் திறக்க வைக்கும்படியான நல்ல செய்தி ஒன்றைச் சொல்கிறார்கள். அண்ணன்மார் தங்கள் கல்யாணம், வீடு மாறுவது என்று சொல்லிப் பார்க்கிறார்கள். இந்தப் பெண் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, "அம்மா, நான் 89 பவுண்டுக்கு வந்துட்டேன்" என்கிறார். நம் கணக்கில் 40 கிலோ. அப்போது வயது 21. அம்மாவுக்குச் சொல்ல அதைவிட நல்ல செய்தி அவரிடம் இல்லை. அம்மா கண் திறக்கவில்லை.

இன்னொன்றையும் அக்காவிடம் கட்டாயம் சொல்லுங்கள். அம்மா போனபிறகு மனநல ஆலோசகர் ஒருவர், "உங்கள் அம்மா உங்களுக்குச் செய்தது கொடுமை" என்று முதல்முறை சொன்னபோது இந்தப் பெண் அதைத் தாங்க முடியாமல் அங்கே போவதையே நிறுத்திவிட்டார். அம்மாவை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று இருந்தவர்தான். தலைப்புக்கு வந்து சேர அவருக்குப் பல வருடம் ஆனது.


சுங்கைசிப்புட்_பையன்:

அண்ணே, நன்றி. 40 கிலோ விஷயத்தைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் வெளியே போய் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எப்படி விட்டார்? சாம் அண்ட் கேட் என்று இன்னொரு தொடர்கூட வந்ததே?


நூலகத்து_மேசை:

வந்தது, 2013, 2014. பாடகி அரியானா கிராண்டேயோடு. அம்மா இறந்த நேரமும் அதுதான். உடன் நடித்தவருக்குப் பாட்டு வேலைக்குப் போய்வர வழி விட்டார்கள், தனக்கு வெளிப்படம் நடிக்க அனுமதி தரவில்லை என்று எழுதுகிறார். ஒருநாள் அரியானா வந்து "நேற்று டாம் ஹேங்க்ஸ் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தேன்" என்று சொன்னதும் இவருக்கு உள்ளே ஏதோ அறுந்துபோனதாம். (இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அவர் எழுதுவதே அப்படித்தான், சிரிக்கவும் வைப்பார்.) தொடர் ஒரே வருடத்தில் முடிந்தது. அங்கே நடந்ததை வெளியே பேசாமல் இருக்க 3 லட்சம் டாலர் தருகிறோம் என்று டிவி நிறுவனத்தார் சொன்னார்களாம், வாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு இணையத் தொடர், குடி, சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் நோய், சிகிச்சை. 2017 வாக்கில் நடிப்பை நிறுத்தினார், 2021-இல்தான் வெளிப்படையாகச் சொன்னார். அதே வருடம் ஐகார்லியைத் திரும்ப எடுத்தபோது பழைய ஆட்கள் போனார்கள், இவர் போகவில்லை. முதலில் தனி ஆளாக மேடையில் இந்தக் கதையைச் சொன்னார், 2022 ஆகஸ்டில் புத்தகம், 20 லட்சம் பிரதிக்கு மேல் போய்விட்டது. இப்போது ஆப்பிள் அதைத் தொடராக எடுக்கிறது, அம்மா வேஷம் ஜெனிபர் அனிஸ்டன். எழுதுவதுதான் சின்ன வயதிலிருந்தே பிடித்த வேலை. அம்மாவிடம் சொன்னபோது எழுத்தாளர்கள் குண்டாக, அழகாக உடுத்தாமல் இருப்பார்கள் என்று பேச்சை முடித்துவிட்டாராம்.


பழைய_கோப்பி:

எல்லாம் சரி, ஆனா அம்மாக்களையே அடித்துக்கொண்டிருந்தால் எப்படி? கமல்ஹாசன் 6 வயது முடியுமுன் களத்தூர் கண்ணம்மாவில் நடித்தவர், 1960. இன்றைக்கும் நடிக்கிறார், பாடுகிறார். கெட்டா போய்விட்டார்? எங்கள் தோட்டத்தில் ஒரு தாய் விடிகாலை 5 மணிக்குப் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடுகிற இடத்துக்குப் போய், மத்தியானம் ரப்பர் பால் எடை போட்டுவிட்டு வந்து, சாயங்காலம் பிள்ளையை டவுனுக்குச் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போய்ச் சங்கீதம் படிக்க வைத்தாள். அதற்கும் ஆசை என்றுதான் பேர். அமெரிக்காக்காரி எழுதினதை வைத்து நம் பிள்ளைக்கு வந்த வாய்ப்பைக் கெடுக்காதீர்கள் தம்பி. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறப்பதே அபூர்வம்.


மூணாம்_லயம்:

கோப்பி ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம், அந்தச் சைக்கிள் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளை நான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கூலிம் பக்கம். அப்பா பால்மரம் வெட்டுகிறவர். 9 வயதில் டிவியில் பாடினேன், நடுநடுவே நாடகத்திலும் வந்தேன், 90-களில். இப்போது 40 தாண்டிவிட்டது, பேர் சொன்னால் பழைய ஆட்கள் இரண்டு பேருக்கு ஞாபகம் வரலாம், அதனால் சொல்லவில்லை. டிவியில் கிடைத்தது பெரிதில்லை, அதை வைத்துக் கல்யாணம், கோவில், பிறந்தநாள் என்று மேடை வந்தது, அதில்தான் காசு. அந்தக் காசில் எங்கள் வீட்டுக்கு ஐஸ்பெட்டி வாங்கினோம். எங்கள் லயத்தில் அதுதான் முதலாவது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கிண்ணத்தோடு வந்து ஐஸ்கட்டி வாங்கிப் போவார்கள், சிரப் ஊற்றித் தின்பார்கள். எனக்கு மட்டும் கிடையாது. தொண்டை கெட்டுவிடும். நான் பாடி வாங்கின ஐஸ்பெட்டியில் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை, அம்மா எனக்கு மட்டும் ஃபிளாஸ்கில் சுடுதண்ணீர் வைத்திருப்பார். சாம் கறி தின்கிற கதையைப் படித்ததும் எனக்கு அந்த ஃபிளாஸ்க்தான் ஞாபகம் வந்தது. சிவப்புப் பூப்போட்ட ஃபிளாஸ்க்.

அம்மா கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னோடு சேர்ந்து வாயசைப்பார். நான் பாட்டைப் பார்த்துப் பாடவில்லை, அவர் வாயைப் பார்த்துப் பாடினேன். 13 வயதில் குரல் கனத்துப்போய் ஒருநாள் மேல் சுருதியில் உடைந்துவிட்டது. கூட்டம் கைதட்டத்தான் செய்தது. கோலாலம்பூர் புடுராயாவில் ஏறின பஸ்ஸில் சுங்கைப் பட்டாணி வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அடித்திருந்தால் அழுதுவிட்டாவது தூங்கியிருப்பேன். அந்த வருடத்தோடு யாரும் கூப்பிடவும் இல்லை.

அம்மா கெட்டவர் இல்லை. என் பாவாடை சட்டைக்காகக் காதுத் தோட்டை அடகு வைத்தவர், அது திரும்பவே இல்லை. இப்போது என்னோடுதான் இருக்கிறார், வருகிறவர்களிடம் பழைய வீடியோ டேப்பைக் காட்டுவார், போட்டுப் பார்க்கத்தான் பெட்டி இல்லை. நான் இன்றைக்கும் அவர் முன்னால் ஐஸ் தண்ணீர் குடிப்பதில்லை. கூச்சமாக இருக்கிறது.

தம்பி, நீங்கள் ஒன்று செய்யுங்கள். அக்கா இல்லாத நேரத்தில் பிள்ளையைத் தனியாகக் கூட்டிப் போய்க் கேளுங்கள். அம்மா முன்னால் கேட்டால் அம்மாவுக்கு வேண்டிய பதில்தான் வரும், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.


பழைய_கோப்பி:

ம். சரிம்மா. நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, ஆனா ஐஸ்பெட்டி விஷயம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.


ஓய்வுபெற்ற_கிராணி:

நான் கணக்குப் பக்கம் மட்டும் பேசுகிறேன், அழுகிற விஷயமெல்லாம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஜாக்கி கூகன் என்று ஒரு பையன், 1921-இல் சாப்ளினோடு நடித்தவன். சின்ன வயதில் சம்பாதித்தது 30, 40 லட்சம் டாலர் என்பார்கள். பெரியவனாகிக் கேட்டபோது அம்மாவும் வளர்ப்புத் தகப்பனும் செலவழித்துவிட்டிருந்தார்கள். 1938-இல் வழக்குப் போட்டான், கைக்கு வந்தது 1,26,000. அதை வைத்துத்தான் அடுத்த வருடம் கலிபோர்னியாவில் சட்டமே போட்டார்கள். இன்று அங்கே குழந்தை நடிகர் சம்பளத்தில் 15 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் பூட்டி வைக்க வேண்டும், 18 வயதுக்கு முன் யாரும் தொட முடியாது.

நம் நாட்டில் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, சிறுவர், இளையோர் வேலை பற்றியது. 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பொழுதுபோக்கு நிகழ்ச்சியில் வேலைக்கு வைக்க வேண்டுமென்றால் உரிமம் வேண்டும். ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் கூடாது, பள்ளிக்கூடம் போகிற நாளில் பள்ளி நேரமும் சேர்த்து 7 மணி, 3 மணி நேரம் தொடர்ந்து செய்தால் அரை மணி ஓய்வு. தயாரிப்பாளரிடம் முதல் கேள்வியே "உரிமம் எடுத்தாச்சா?" என்பதாக இருக்கட்டும். அவர் "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்றால் தாளைக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

சம்பளத்தைப் பிள்ளைக்கென்று எஸ்எஸ்பிஎன் என்கிற கல்விச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். அம்மா கைப்பையில் வேண்டாம்.

கடைசியாக, எனக்கு இதில் ஒரே ஒரு விஷயம்தான் பிடிக்கவில்லை, அது அக்கா வேலையை விடுவது. கையுறைத் தொழிற்சாலைச் சம்பளம் நின்றுபோனால் கோலாலம்பூர் வாடகை எதிலிருந்து வரும்? பிள்ளை சம்பளத்திலிருந்து. அப்புறம் அந்தப் பிள்ளை "எனக்குப் பிடிக்கல, வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னால் அடுத்த மாத அரிசி நின்றுபோகும். 10 வயதுப் பிள்ளைக்கும் அது தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்ல மாட்டாள். சம்பளமில்லா விடுப்புக் கேட்கச் சொல்லுங்கள், கிடைக்காவிட்டால் பாட்டி போய்க் கூட இருக்கட்டும், அக்கா வாரக் கடைசியில் ரயிலில் போய்வரட்டும். தோட்டத்தில் 30 வருடம் சம்பளப் புத்தகம் எழுதினவன் நான். வீட்டில் யார் பேரில் சம்பளம் வருகிறதோ அவரை எல்லோரும் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.


சுங்கைசிப்புட்_பையன்:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாளாகப் பதில் போட முடியவில்லை.

மூணாம் லயம் அக்கா சொன்னபடி பிள்ளையை பாசார் மாலாமுக்கு, இரவுச் சந்தைக்குக் கூட்டிப் போனேன். அப்பம் பாலிக் வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன். பாடப் பிடிக்கிறதாம். நடிக்கிறது எப்படி என்று தெரியாதாம், செய்து பார்க்கிறாளாம். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் போகக் கூடாதாம், இந்த வருடம் அவள்தான் வகுப்புத் தலைவி. அப்புறம் கொஞ்ச நேரம் அப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, அம்மா வரலாம், ஆனா நான் பாடறப்போ முன்னாடி உக்காரக் கூடாது" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "அம்மா மூஞ்சியப் பாத்தா எனக்கு வரி மறந்துடுது".

அக்காவிடம் கிராணி ஐயா சொன்ன அரிசிக் கணக்கை மட்டும்தான் முதலில் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று பார்த்தால் வரவில்லை. மாமா வாயைத் திறந்து "விடுப்பு கேட்டுப் பாரேன்" என்றார், நாங்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். தயாரிப்பாளரிடம் உரிமத் தாள் கேட்டிருக்கிறோம், பள்ளி விடுமுறையில் மட்டும் படப்பிடிப்பு வைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

பிள்ளை சொன்னதை நேற்று ராத்திரிதான் சொன்னேன். அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டார். "நான் எங்கதான் உக்காரணுமாம்?"

கேன்டீனில் என்று சொல்லிவிட்டாள் என்றேன். அதற்கப்புறம் அக்கா தங்கைக்குப் போன் போட்டார், இத்தனை நாள் கழித்து வந்த முதல் பேச்சு, "அந்தப் பொண்ணு புஸ்தகம் மலாய்ல இருக்கா, கேட்டுச் சொல்லு".


நூலகத்து_மேசை:

மலாய் தெரியவில்லை தம்பி, ஆங்கிலம்தான் என்னிடம் இருக்கிறது. அவர் குரலிலேயே படித்த ஒலிநூலும் உண்டு. ஈப்போ வந்தால் சொல்லுங்கள், புத்தகத்தை எடுத்து வைக்கிறேன். அக்காவுக்கு முதல் பத்துப் பக்கத்தை நீங்களே உட்கார்ந்து படித்துச் சொல்லுங்கள், தனியாக விட்டால் தலைப்பைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்.